பழைய வண்டிக்கு வேற எஞ்சினா, இருக்கிற எஞ்சினுக்கு வேலையா?



கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால் நம் குழுக்களுக்கு விசாரிக்கத் தெரியும். பல்லைப் பார்ப்போம், மடியைத் தடவிப் பார்ப்போம், எத்தனையாவது ஈத்து என்று கேட்போம். தையல் மிஷின் என்றால் பழசா புதுசா, எந்தக் கடை என்று கேட்போம். ஆனால் "வண்டிக்கு எஞ்சின் மாத்தணும், ஒன்றரை லட்சம் வேணும்" என்று ஒரு உறுப்பினர் கேட்டால்? கடந்த ஆவணியில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த குழுக்கூட்டத்தில் இப்படித்தான் ஆனது. இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். சமூகப்பணி படித்தவளுக்கு லாரி எஞ்சின் பற்றி என்ன தெரியும்?

கேட்ட அக்கா நல்ல உறுப்பினர். எட்டு வருடமாகச் சந்தா தவறியதில்லை. அவர் வீட்டுக்காரரிடம் ஒரு டாடா 407 இருக்கிறது, 2004-ம் வருட வண்டி. மூட்டம் போட்ட கரி, மிளகாய் வற்றல், மக்காச்சோளம், பருத்தி, உளுந்து என்று எது கிடைத்தாலும் ஏற்றி தூத்துக்குடிக்கும் விருதுநகருக்கும் ஓட்டுகிறார். குடும்பமே அந்த வண்டியில்தான் ஓடுகிறது.

"என்னக்கா ஆச்சு வண்டிக்கு?" என்று ஊக்குநர் கேட்டார்.

"இழுக்கவே மாட்டேங்கு. காலையில ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம். பொகை வேற. பெரிய எஞ்சினா மாத்திரலாம்னு சொல்லுதாக."

"யாரு சொல்லுதாக?"

"பட்டறையில ஒருத்தரு சொன்னாராம்."

உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "ஒரே செலவா பெரிய எஞ்சினைப் போட்டுருங்க மதினி, பத்து வருசத்துக்குக் கவலை இல்லை" என்று ஒரு பக்கம். "இருபது வருச வண்டிக்கு எதுக்கு லட்சக்கணக்குல? வித்துத் தொலைங்க" என்று மறுபக்கம். ஏன் வண்டி இழுக்கவில்லை என்று யாருமே கேட்கவில்லை. தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, அந்த அக்கா, ஊக்குநர், நான் மூன்று பேரும் இரண்டு பட்டறைகளுக்கும் ஒரு லேத்துக்கும் போனோம். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இந்தப் பாடத்தில் தருகிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றைப் பிஸ்டன் இறுக்கி அமுக்கும். அமுக்க அமுக்கக் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா, அதேதான். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சுகிற மூக்குக்கு நாசில் என்று பெயர். பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரி ரிங்குகள் இருக்கின்றன. ரிங்கும் உருளைச் சுவரும் தேய்ந்துவிட்டால் அமுக்கிய காற்று ஓரத்தில் ஒழுகிவிடும், போதிய சூடு வராது. காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

புகையின் நிறம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம், பம்ப் தப்பாக வைத்திருக்கலாம். இவை சின்ன வேலைகள், எஞ்சினை இறக்கவே வேண்டாம். நீலம் கலந்த புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்மானமாக இருக்கும், அல்லது வால்வுப் பக்கம் ஒழுகும். வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் பயம் வேண்டாம். நிற்காமல் வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

இன்னும் இரண்டு சோதனை இருக்கிறது, பெண்களே பார்த்துவிடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, துணி வைத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அடுப்பு ஊதினது போல் புகை குபுகுபு என்று தள்ளினால் ரிங் ஒழுகுகிறது. அடுத்தது ஆயில் குச்சி. அதில் வரும் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. (சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.)

இதற்கு மேல் பட்டறைதான். நாசிலைக் கழற்றி அந்த ஓட்டையில் மீட்டர் வைத்து ஒவ்வொரு உருளையிலும் அமுக்கம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நாலு உருளைக்கும் நாலு எண் வரும். அந்த நாலு எண்ணையும் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற பட்டறையில் ஒன்றரை லட்சம் ரூபாய் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நம் அக்காவின் வண்டியில் இரண்டு உருளைகள் சுமாராக இருந்தன. மற்ற இரண்டும் மிகவும் இறங்கியிருந்தன.

எஞ்சினைத் தேய்த்தது எது?

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது இந்தக் கேள்விதான். இரண்டாவது பட்டறையில் இருந்த வயதான மெக்கானிக் எஞ்சினைப் பார்க்கும் முன்பே ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினார். வேட்டி முனையை விரலில் சுற்றி உள்ளே துடைத்துக் காட்டினார். கரிசல் புழுதி அப்பியிருந்தது. குழாயின் அடியில் விரல் நீளத்துக்குக் கிழிசல். மேலே பார்த்தால் தெரியாது.

"இது வழியாத்தான்ம்மா மண்ணு போயிருக்கு. இந்த ஓசை மாத்தாம நீங்க அமெரிக்கா எஞ்சின் போட்டாலும் ரெண்டு வருசம்தான்."

நம் ஊர்ப் புழுதியைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி சித்திரையில் வண்டி போனால் பின்னால் வருகிறவர் முகம் தெரியாது. அந்த மண் காற்றோடு உருளைக்குள் போய் ஆயிலோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி ரிங்கையும் சுவரையும் அரைத்துவிடும். கரி ஏற்றுகிற வண்டிகளில் கரித்தூள் வேறு சேர்ந்து பில்டர் சீக்கிரம் அடைக்கும். பில்டர் அடைந்தால் தட்டிவிட்டு மாட்டுவது, தட்டித் தட்டி அதில் ஓட்டை விழுவது, சில ஓட்டுநர்கள் இழுவை போதவில்லை என்று பில்டரையே கழற்றிவிட்டு ஓட்டுவது, எல்லாம் நடக்கிறது.

இன்னொரு எதிரி நம் போர்த் தண்ணீர். ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் எத்தனை கிணறு உப்பு என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம் எஞ்சினுக்குள்ளும் படியும். சூடு வெளியேறாது, ஹெட் கேஸ்கெட் போகும், சில நேரம் ஹெட்டே வெடிக்கும். கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வண்டியில் ஒரு கேன் குடிதண்ணீர் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

எஞ்சின் எதனால் போனது என்று தெரியாமல் மாற்றுவது, ஓட்டைக் குடத்தைப் பார்க்காமல் மறுபடி மறுபடி தண்ணீர் எடுக்கப் போவது போலத்தான்.

என்னென்ன வழிகள்

சின்ன வேலை முதல் வழி. நாசில் சர்வீஸ், பம்ப் சரிபார்த்தல், பில்டர், குழாய், வால்வு இடைவெளி சரிசெய்தல். அமுக்க எண்கள் நன்றாக இருந்தால் இதோடு நிறுத்திவிடலாம்.

அடுத்தது இருக்கிற எஞ்சினையே பிரித்து முழு வேலை பார்ப்பது. நம் அக்கா வண்டியில் இருந்ததை மெக்கானிக்குகள் 497 என்று சொல்கிறார்கள். 4 என்றால் நாலு உருளை, 97 என்றால் உருளையின் வாய் 97 மில்லிமீட்டர். சுவர் தேய்ந்திருந்தால் எஞ்சினின் வகையைப் பொறுத்து லைனர் மாற்றுவார்கள், அல்லது லேத்தில் கொஞ்சம் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதை ஓவர்சைஸ் என்பார்கள். ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர், அதாவது மூன்று நான்கு தலைமுடி கனம். கால், அரை, முக்கால், ஒன்று என்று போய் அதோடு முடிந்துவிடும். ஆகவே "இதுக்கு முன்னால எத்தனை தடவை போர் கடைஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். மாட்டுக்கு எத்தனாவது ஈத்து என்று கேட்கிறோமே, அதே கேள்விதான். கிராங்க் என்னும் தண்டுக்கும் இப்படித்தான், அதைச் சாணை பிடிக்கப் பிடிக்க மெலியும், ஒரு அளவுக்கு மேல் பிடிக்க முடியாது.

மூன்றாவது வழி அதே மாடல் எஞ்சின் வேறொன்றை வாங்கிப் போடுவது. உடைசல் கடைகளில் பழைய எஞ்சின் கிடைக்கும். டாடா நிறுவனமும் புரோலைப் என்ற பெயரில் பழைய எஞ்சினை வாங்கிக்கொண்டு சீரமைத்த எஞ்சினைத் தருகிற திட்டம் வைத்திருக்கிறது. விலை கூடுதல், ஆனால் பில் உண்டு, உத்தரவாதம் உண்டு. ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டால், பிளாக் வெடித்துவிட்டால், கிராங்க் கடைசி அளவையும் தாண்டிவிட்டால், இந்த வழிதான் சரி. அப்போது போய் "பழசையே வேலை பாருங்க" என்று அடம்பிடிப்பதும் தவறு.

உடைசல் கடை எஞ்சினில் ஒரு சிக்கல். அது வெளியே கழுவிப் பளபளவென்று இருக்கும். உள்ளே நம் எஞ்சினைவிட மோசமாக இருக்கலாம். ஓட்டிக் காட்டி, அமுக்கம் அளந்து காட்டினால்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் அதையும் ஒரு தடவை பிரித்து ரிங், பேரிங் மாற்றித்தான் ஏற்றுகிறார்கள். அப்படியானால் எஞ்சின் விலை, வேலைச் செலவு இரண்டும் நம் தலையில்.

நாலாவது, நம் அக்கா வீட்டில் பேசிய பெரிய எஞ்சின். அதற்குத் தம்பி, இருக்கிற எஞ்சினிலேயே டர்போ வைப்பது அல்லது "பம்ப் ஏத்துவது."

பெரிய எஞ்சின் ஆசை

ஆசை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், நம் மாகாணத்தில் பஸ்களின் பின்னால் கரி அடுப்பு மாதிரி ஒரு கலத்தைக் கட்டி அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். எழுபது எண்பது வயதுப் பாட்டிகள் தங்கள் அப்பா அம்மா சொல்லி "கரி பஸ்" பற்றிக் கேட்டிருப்பார்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்குமாம். பிறகு 1950-களில் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி6 என்ற டீசல் எஞ்சினை இங்கேயே தயாரித்தது. பெட்ரோலில் ஓடிய பழைய லாரிகள் பலவற்றில் அதை எடுத்து இதை வைத்தார்கள். அது லாபமாக இருந்ததற்குக் காரணம் டீசலின் விலையும் கிடைத்த மைலேஜும். வெறும் இழுவைக்காக மட்டும் மாற்றவில்லை.

இன்று 407-ல் பெரிய டர்போ எஞ்சினை வைத்தால் என்ன ஆகும்? எஞ்சினின் பலம் கிளட்ச், கியர் பாக்ஸ், நீளத் தண்டு, கிரௌன், ஆக்சில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். அவையெல்லாம் பழைய எஞ்சினின் பலத்துக்கு அளந்து செய்தவை, அதுவும் இருபது வருடம் உழைத்தவை. பலவீனமான இடம் எதுவோ அது உடையும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். பிரேக்கோ பழைய பிரேக். கல்யாண வீட்டுக்குப் பெரிய குண்டான் வாங்கிவிட்டு வீட்டு அடுப்பில் வைக்கப் பார்ப்பது மாதிரி.

பம்ப் ஏத்துவது இன்னும் மோசம். டீசலைக் கூடுதலாகப் பீய்ச்ச வைப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் வண்டி பறக்கும். பிறகு கறுப்புப் புகை, மைலேஜ் இறக்கம், சூடு தாங்காமல் பிஸ்டன் உருகுவது. டர்போவை மட்டும் தனியாக வாங்கி மாட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கம்பெனியில் டர்போ எஞ்சின் செய்யும்போது பிஸ்டன், ஆயில் ஓட்டம், கேஸ்கெட் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றித்தான் செய்கிறார்கள்.

கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். "மழைக் காலத்துல வண்டி கரிசல்ல பதியுதே, பெரிய எஞ்சின்னா வெளிய வந்துராதா?" நல்ல கேள்வி. வராது. ஐப்பசி கார்த்திகையில் நம் மண் டயரின் பள்ளங்களை அடைத்து வழுவழுவென்று ஆக்கிவிடும். பலம் கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றி இன்னும் ஆழமாகத் தோண்டும். அங்கே வேண்டியது நல்ல டயர், குறைந்த பாரம், அல்லது ஒருநாள் பொறுமை.

"பெரிய எஞ்சின்னா கூடுதல் பாரம் ஏத்தலாமே?" என்றார் இன்னொருவர். அதுவும் முடியாது. எவ்வளவு பாரம் என்பது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எஞ்சினை மாற்றினாலும் அந்த எண் மாறாது.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது

பட்டறையில் இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதனால் நாம்தான் பேச வேண்டும்.

வண்டியின் ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் இருக்கும். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாற்ற அங்கீகரித்த கிட்டுகளுக்குத் தனி விதிகள் உண்டு. மற்றபடி வேறு வகை, வேறு பலமுள்ள எஞ்சினை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 2019-ம் வருடத் திருத்தம் சொல்கிறது.

அதே கம்பெனி, அதே வகை எஞ்சின் போட்டாலும் எண் மாறுகிறதல்லவா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுங்கள். வண்டி மேல் பைனான்ஸ் இருந்தால் அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் எஃப்.சி.யில் நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்சில் நிற்கும். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்துவிட்டால் ஸ்டேஷனில் நாம் நிற்க வேண்டும். பில்லும், அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான காகிதமும் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

"15 வருசம் ஆனா வண்டியை அரசாங்கம் பிடுங்கி உடைச்சிருமாமே?" என்று பயந்து கேட்கிறார்கள். அரசாங்க வண்டிகளுக்கு 15 வருடக் கெடு 2023 ஏப்ரலில் வந்தது. டெல்லிப் பக்கம் பழைய டீசல் வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. நம் மாவட்டத்தில் தனியார் வண்டியை வயதை மட்டும் காட்டி உடைப்பதில்லை. ஆனால் 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். 2025 நவம்பரில் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கான கட்டணத்தை நன்றாகவே உயர்த்தி அறிவித்தது. பசுமை வரி தனி. இன்றைய தொகையை அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் எஞ்சின் கணக்கே போட வேண்டும். எஃப்.சி.யில் தேறாத வண்டிக்கு எஞ்சின் வேலை பார்ப்பது தண்டம்.

சேசிஸையும் குனிந்து பாருங்கள். உப்பளத்துக்கு ஓடிய வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். தூத்துக்குடி உப்பு இரும்பைத் தின்றிருக்கும். சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிற சேசிஸ் மேல் எந்த எஞ்சினையும் வைக்க வேண்டாம். அங்கே "வித்துருங்க" என்று சொன்ன சகோதரிகள் பேச்சுதான் சரி. அக்காவின் வண்டி உப்பு ஏற்றியதில்லை, சேசிஸ் கெட்டியாக இருந்தது.

நாங்கள் போட்ட கணக்கு

இந்தத் தொகைகள் அந்த வண்டிக்கு அந்தப் பட்டறைகள் சொன்னவை. உங்கள் ஊரில் மாறும், கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே எஞ்சினுக்கு முழு வேலை 85,000 ரூபாய். அதே மாடல் பழைய எஞ்சின் வாங்கி ஏற்ற 1,10,000. பெரிய எஞ்சின் முதலில் 1,50,000 என்றார்கள். "கிளட்ச், ரேடியேட்டர், மவுண்டிங், சைலன்சர், வயரிங் எல்லாம் சேர்த்தா?" என்று ஊக்குநர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அது 2,20,000-க்குப் போய் நின்றது. கேட்காமல் இருந்திருந்தால் 70,000 ரூபாயைக் கந்துவட்டியில் வாங்கியிருப்பார்கள்.

வண்டி மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது. நல்லபடியாக இருந்தபோது லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்ததாம். இப்போது 6. அப்படியானால் முன்பு மாதம் 250 லிட்டர், இப்போது 333 லிட்டர். 83 லிட்டர் வீண். டீசல் 90 ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 7,500 ரூபாய் மாதா மாதம் புகையாகப் போகிறது. ஆயில் செலவு தனி.

85,000 கடனை நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் 20 மாதத் தவணை என்றால் முதல் மாதம் அசல் 4,250, வட்டி 850, மொத்தம் 5,100. பிறகு மாதா மாதம் குறையும். மிச்சமாகும் டீசலே தவணையைக் கட்டிவிடும். 1,50,000 என்றால் முதல் தவணை 9,000. 2,20,000 என்றால் 13,200. அதற்குப் பெரிய எஞ்சின் குடிக்கும் டீசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதியபோது, "பெரிய எஞ்சினே போடுங்க" என்ற சகோதரி எழுந்து வந்து எண்களை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளைங்க குழு எனக்கு எஞ்சின் சொல்லித் தருதா?" என்று கேட்டாராம். அக்கா சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "தவணை கட்டப் போறது நான். கையெழுத்தும் எனது."

தீர்மான நோட்டில் எழுதியது

85,000 ரூபாய் உள்கடன். பணம் கையில் கொடுப்பதில்லை, உதிரிப்பாகக் கடைக்கும் பட்டறைக்கும் பில் பார்த்து மூன்று தவணையாக. எஞ்சினைப் பிரிக்கும் அன்று அக்காவும் பிரதிநிதி ஒருவரும் கூட இருப்பது, பிரித்த பாகங்களைப் போனில் படம் எடுப்பது, பழைய பிஸ்டன்களையும் ரிங்குகளையும் திருப்பி வாங்குவது. பிரித்த பிறகு பிளாக்கில் வெடிப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி குழுவுக்கு வருவது. ரப்பர் குழாய், ஏர் பில்டர், ரேடியேட்டர் சுத்தம் மூன்றும் கட்டாயம். முதல் தவணை வண்டி ஓடத் தொடங்கிய மறுமாதம். வேலை புரட்டாசியில், ஏனென்றால் விதைப்புக் காலத்தில் வாடகை குறைவு. தை, மாசியில் மிளகாயும் பயறும் வரும்போது வண்டி பட்டறையில் கிடந்தால் வருடச் சம்பாத்தியமே போய்விடும்.

ஆர்.சி. வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. கடன் அக்கா பெயரில். இதைப் பற்றிக் குழுவில் நீண்ட நேரம் பேசினோம், முடிவு எட்டவில்லை. உங்கள் குழுவில் இப்படி ஒரு கடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் பேசி, கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.

வேலைக்குப் 19 நாள் ஆனது, சொன்னது 10. லேத்தில் கூட்டமாம். செலவு 91,000 ஆனது, கூடுதல் 6,000-ஐ அவர்களே போட்டுக்கொண்டார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் அரைப் பாரம்தான் ஏற்ற வேண்டும், பிறகு ஆயில் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நாலாவது நாளே வீட்டுக்காரர் முழுப் பாரம் ஏற்றப் போக, அக்கா வண்டி முன்னால் நின்றுகொண்டாராம். மைலேஜ் 8 வரவில்லை, ஏழரை வருகிறது. அதிலேயே மாதம் 6,000 ரூபாய் மிச்சம். தவணை தவறாமல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏர் கிளீனரைத் திறந்து பார்ப்பது இப்போது அக்காவின் வேலை. வெள்ளைத் துணி ஒன்றைக் குழாய்க்குள் விட்டுத் துடைத்து, தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிறார். போன மாதம் போயிருந்தபோது அந்தத் துணியை எடுத்து வந்து என்னிடம் விரித்துக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது.